இரண்டு குடும்பங்கள், இரண்டு வகைப் பேப்பர்: வடக்கு வர்ஜீனியாவில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வாஷிங்டன் நகரத்திலிருந்து காரில் அரை மணி நேரம் போனால் பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸ் வரும். அங்கே லீஸ்பர்க் பைக் சாலையை ஒட்டி கல்மோர் என்றொரு பகுதி. பழைய செங்கல் அடுக்ககங்கள், வாடகை ஓரளவு கட்டுப்படியாகும், பஸ் வசதி உண்டு. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரிலிருந்து வந்தவர்களும் அரபு நாடுகளிலிருந்து வந்தவர்களும் பல ஆண்டுகளாக அங்கே பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்கிறார்கள். பூபூசா எனும் சால்வடோர் சோள ரொட்டி சுடும் கடையும் ஹலால் இறைச்சிக் கடையும் நடக்கிற தூரத்தில்தான்.

வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வருமான வரிக் கணக்கு தயாரித்துக் கொடுக்கும் மையம் ஒன்றில் 2014 முதல் தன்னார்வலராக இருந்தேன். வரிக் காலம் முடிந்ததும் அதே மையம் வேலை, படிப்பு, வீடு பற்றிய ஆலோசனையும் தரும். ஒரே மாடிப்படியில் எதிரெதிர் வீடுகளில் இருந்த இரண்டு குடும்பங்கள் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் எங்களிடம் வந்துபோயின. இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது. இரு வீட்டாரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயர்கள் இல்லை, அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் மையத்தில் அடிக்கடி காதில் விழுந்த ஒரு பேச்சுதான் இதை எழுதவைத்தது. "அரபுக்காரர்கள் படிப்பார்கள், சீக்கிரம் மேலே வந்துவிடுவார்கள். சால்வடோர்காரர்கள் உழைப்பாளிகள், ஆனால் அப்படியே இருந்துவிடுவார்கள்." நானும் இதைப் பாதி நம்பினேன். புள்ளிவிவரமும் மேலோட்டமாக அப்படித்தான் காட்டும். அமெரிக்காவில் வயது வந்த சால்வடோர் வம்சாவளியினரில் பட்டம் பெற்றவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர். மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து குடியேறியவர்களில் அது பாதிக்குச் சற்றே குறைவு.

இரு குடும்பங்களும் வந்த வழி

சால்வடோர் குடும்பத்தின் தந்தை கிழக்கே சான் மிகேல் பகுதியைச் சேர்ந்தவர். 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில்தான் அவருடைய பிள்ளைப்பருவம் கழிந்தது. அந்தப் போரில் சுமார் 75,000 பேர் இறந்தார்கள். அவர் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டார். அண்ணன் எண்பதுகளிலேயே ஓடிவந்து அமெரிக்காவில் அடைக்கலம் கேட்டார், கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் சால்வடோர்காரர்கள் கேட்ட அடைக்கல மனுக்களில் நூற்றுக்கு மூன்றுகூட ஏற்கப்படவில்லை. அவர்கள் எந்த ராணுவத்துக்குப் பயந்து ஓடினார்களோ, அதற்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது அமெரிக்க அரசுதான். அவர்களை அகதிகள் என்று ஒப்புக்கொண்டால் தன் கொள்கையே தவறு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

தம்பியான இந்தத் தந்தை 1999-ல் கொயோட்டே எனப்படும் ஆள்கடத்தும் தரகருக்குக் கடன் வாங்கிப் பணம் கொடுத்து, மெக்சிகோ வழியாக எல்லையைத் தாண்டி வந்தார். மனைவி 2000-ல் அதே வழியில் வரும்போது டெக்சாஸ் எல்லையில் பிடிபட்டார். விசாரணைக்கு வரும்படி ஒரு தாளைக் கொடுத்து விட்டுவிட்டார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை, போகவில்லை. அந்தத் தாள் பின்னால் மீண்டும் வருகிறது.

2001 ஜனவரி 13-லும் பிப்ரவரி 13-லும் எல் சால்வடோரில் இரண்டு பெரிய நிலநடுக்கங்கள். அதையடுத்து அமெரிக்கா அங்கிருந்து ஏற்கெனவே வந்திருந்தவர்களுக்கு டி.பி.எஸ். எனப்படும் தற்காலிகப் பாதுகாப்பைக் கொடுத்தது. வேலை செய்யலாம், திருப்பி அனுப்ப மாட்டார்கள், ஆனால் நிரந்தரமாகத் தங்குவதற்கு அது வழி இல்லை. பெரும்பாலும் 18 மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கணவனும் மனைவியும் பதிவுசெய்தார்கள். 2002-ல் மகள் பிறந்தாள், சில ஆண்டுகளில் மகன்.

எதிர்வீட்டுக் குடும்பம் பாக்தாத்திலிருந்து வந்தது. கணவர் சிவில் இன்ஜினீயர், அமெரிக்க ராணுவத்துக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மனைவி ஐந்தாண்டுப் படிப்பு முடித்த மருந்தாளுநர். மிரட்டல் வந்த பிறகு, அமெரிக்கப் படையோடு வேலை செய்த ஈராக்கியருக்கென்று இருந்த சிறப்பு விசாவில் 2014 கோடையில் மூன்று பிள்ளைகளோடு வந்திறங்கினார்கள். இந்த விசாவில் வந்தவர்களுக்கு வந்திறங்கும்போதே நிரந்தரமாகத் தங்கும் உரிமையான கிரீன் கார்டு உண்டு. முதல் 90 நாள் வீடு பார்த்துக் கொடுக்கவும் பள்ளியில் சேர்க்கவும் ஓர் அமைப்பு, அகதிகளுக்குரிய உதவித்தொகை, மருத்துவ உதவி எல்லாம் கிடைத்தன.

இருவருமே போரிலிருந்து வந்தவர்கள். ஒருவர் வந்த விமானத்தை அரசே ஏற்பாடு செய்தது. இன்னொருவர் கொயோட்டேயின் கடனை நான்கு வருடம் அடைத்தார்.

முதல் இரண்டு ஆண்டுகளில் கண்டது

2015 பிப்ரவரியில் இரு குடும்பங்களும் வரிக் கணக்குக்கு வந்தன. எங்களிடம் ஒரு பக்கக் கேள்வித்தாள் இருந்தது: படிப்பு, ஆங்கிலம், வருமானம், சேமிப்பு, கடன். அதை வைத்து 'நிலையான குடும்பம்', 'உதவி தேவைப்படும் குடும்பம்' என்று பிரிப்போம்.

சால்வடோர் குடும்பம் 'நிலையானது' என்று வந்தது. தந்தை கட்டடங்களில் ஜிப்சம் பலகைச் சுவர் அமைப்பவர், தாய் இரவில் அலுவலகங்களைச் சுத்தம் செய்பவர். இருவர் வருமானமும் சேர்ந்தால் எதிர்வீட்டைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஈராக்கியக் குடும்பம் 'உதவி தேவை' என்று வந்தது. இன்ஜினீயர் இரவில் பாதுகாவலர் வேலை, பகலில் ஊபர். மனைவிக்கு வேலை இல்லை. அவர் பல நாள் அறையை விட்டே வருவதில்லை என்று கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பாக்தாதில் சொந்தக் கடை நடத்திய பெண் அவர்.

கேள்வித்தாள் கேட்காதவை பல. சால்வடோர் தந்தை மாதாமாதம் அம்மாவுக்குப் பணம் அனுப்பினார். எங்கள் தாளில் அது வெறும் 'செலவு'. எல் சால்வடோரின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இப்படி வெளிநாட்டிலிருந்து வரும் பணம்தான். ஈராக்கியக் குடும்பம் வீட்டை விற்ற பணத்தில் ஒரு பகுதியையும் மனைவியின் நகையையும் கொண்டுவந்திருந்தது. கூச்சத்தால் அதைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை நாங்கள் யாரிடமும் கேட்கவே இல்லை: உங்கள் பேப்பர், அதாவது இங்கே தங்கும் அனுமதி, எந்தத் தேதியோடு முடிகிறது?

இன்னொன்றையும் கண்டோம். இரு வீட்டுப் பெண்களுக்கும் சீட்டு தெரியும். சால்வடோரில் அதை குச்சுபால் என்பார்கள், ஈராக்கில் சில்ஃபா. நம் ஊர்ச் சீட்டு மாதிரியேதான், மாதம் ஒருவர் எடுப்பார். 2016-ல் அந்த மாடிப்படிப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்த குச்சுபாலில் ஈராக்கியப் பெண்ணும் சேர்ந்தார். அவர் அறையை விட்டு வெளியே வர ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான் என்று நினைக்கிறேன். எங்கள் ஆலோசனை அதற்கு எந்த வகையிலும் காரணமில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு ஈராக்கியப் பெண்ணின் படிப்பு பற்றியது. மருந்துக் கடையில் உதவியாளராகச் சேர்ந்துகொண்டே உரிமத்துக்குத் தயாராகலாம் என்று திட்டம் போட்டோம். வெளிநாட்டில் படித்த மருந்தாளுநருக்குப் பாதை நீளமானது: பட்டத்தைச் சரிபார்த்தல், டோஃபெல் ஆங்கிலத் தேர்வு, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வு, ஆயிரம் மணி நேரத்துக்கும் மேலான பயிற்சி, கடைசியாக உரிமத் தேர்வு. டோஃபெலில் பேச்சுப் பகுதிக்கு அப்போது 30-க்கு 26 வேண்டியிருந்தது. நல்ல ஆங்கிலம் உள்ளவர்களே தடுமாறும் இடம் அது. அவர் மூன்று முறை தவறி நான்காம் முறை 2017-ல் தேறினார். ஒரு முறை தேர்வுக் கட்டணத்துக்குப் பணம் இல்லாமல் போனபோது, அந்த மாதச் சீட்டு எடுக்க வேண்டிய சால்வடோர் தாய் தன் முறையை இவருக்கு விட்டுக்கொடுத்தார்.

இரண்டாவது முடிவு சால்வடோர் தந்தையின் வேலை பற்றியது. அவரை வேலைக்கு வைத்திருந்தவர் ஊழியராகக் காட்டாமல் சுயதொழில் செய்பவராகக் காட்டி 1099 படிவம் கொடுத்துவந்தார். இந்தத் தொழிலில் இது பரவலாக நடக்கிறது. ஊழியராக இருந்தால் ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் வரியில் பாதியை முதலாளி கட்டுவார். இப்படிக் காட்டினால் 15.3 சதவீதமும் தொழிலாளி தலையில். கூடுதல் நேரத்துக்கு ஊதியம் இல்லை, ஏணியிலிருந்து விழுந்தால் இழப்பீடு இல்லை. ஊழியர் நிலையைத் தீர்மானிக்கச் சொல்லி வரித்துறைக்கு மனு போடலாம் என்றோம். அவர் மறுத்துவிட்டார். முதலாளியோடு மோதி வேலை போனால், அடுத்த புதுப்பித்தலின்போது ஏதாவது சிக்கல் வருமோ என்று பயந்தார். சட்டப்படி அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. ஆனால் 18 மாதத்துக்கு ஒருமுறை வாழ்க்கையையே புதுப்பிக்க வேண்டியவரிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

சரி, சுயதொழில் என்று சொல்கிறார்கள் என்றால் உண்மையாகவே சுயதொழில் ஆக்கிவிடலாம் என்று யோசித்தோம். வர்ஜீனியாவில் சிறு வேலைகளுக்கான சி வகுப்பு ஒப்பந்ததாரர் உரிமத்துக்குப் பட்டம் வேண்டாம், அனுபவமும் எட்டு மணி நேர வகுப்பும் போதும். 2016 கடைசியில் உரிமம் வாங்கினார். ஆனால் வரைபடத்தைப் பார்த்துச் செலவு மதிப்பீடு போட வரவில்லை. அப்போதுதான் எதிர்வீட்டு இன்ஜினீயர் நினைவுக்கு வந்தார். ஒரு மதிப்பீட்டுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டார்கள். இவர் அவரை "இன்ஹெனியேரோ" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். இங்கே வந்த பிறகு தன்னை முதன்முதலில் இன்ஜினீயர் என்று அழைத்தவர் இவர்தான் என்று அந்த ஈராக்கியர் என்னிடம் சொன்னார். அவர் பதிலுக்கு, அரபு வழக்கப்படி மகன் பெயருக்கு முன்னால் அபூ சேர்த்து இவரைக் கூப்பிடுவார்.

ஒரு நாள் சால்வடோர் தந்தை சொன்னது என் எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. "எங்கள் நாட்டில் துர்க்கோ என்றால் பணக்காரன். பெரிய கடையெல்லாம் அவர்களுடையது. நீ என்ன இங்கே ஊபர் ஓட்டுகிறாய்?" துர்க்கோ என்பது அங்குள்ள அரபு வம்சத்தவருக்கான பெயர். பெத்லகேம், பெய்த் ஜாலா பக்கத்திலிருந்து சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உதுமானிய பாஸ்போர்ட்டோடு போனவர்கள் அவர்கள். தலைச்சுமை வியாபாரிகளாகத் தொடங்கினார்கள். 1930-களில் ஜெனரல் மார்தீனெஸ் ஆட்சி அரபுக்காரர்கள் புதிதாகக் கடை திறக்கக்கூடாது என்று சட்டமே போட்டது. ஆனாலும் 2004 அதிபர் தேர்தலில் மோதிய இரண்டு முக்கிய வேட்பாளர்களும், அந்தோனியோ சாக்காவும் ஷாபிக் ஹண்டாலும், பாலஸ்தீன வம்சத்தவர்கள். 2019-ல் அதிபரான நயீப் புகேலேயின் தந்தைவழிக் குடும்பமும் அப்படியே. ஆக, இரண்டு சமூகங்களை ஒப்பிடும்போது எந்த நாட்டில், எந்தத் தலைமுறையில் என்று கேட்காமல் பேசுவது பொருளற்றது.

2017, 2018

2017 ஜனவரி 27-ல் ஈராக் உட்பட ஏழு நாட்டவர் வர அமெரிக்கா தடை விதித்தது. ஈராக்கியப் பெண்ணின் தம்பி அகதி விண்ணப்பம் போட்டு முடிவுக்காகக் காத்திருந்தார், அது நின்றுபோனது. வாஷிங்டனுக்கு அருகிலுள்ள டல்லஸ் (Dulles) விமான நிலையத்தில் வழக்கறிஞர்கள் தாங்களாகவே வந்து கூடிய அந்த வாரக்கடைசியில் இன்ஜினீயரும் போய் மொழிபெயர்த்துக் கொடுத்தார். சில வாரங்களில் ஈராக் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அந்தக் குடும்பம் பயந்தது, ஆனால் கையில் இருந்த கிரீன் கார்டு அப்படியே இருந்தது.

2018 ஜனவரியில் அடி மற்ற வீட்டில் விழுந்தது. சால்வடோருக்கான டி.பி.எஸ். 2019 செப்டம்பர் 9-ஆம் தேதியோடு முடியும் என்று அரசு அறிவித்தது. இரண்டு லட்சம் பேருக்கு நெருக்கமானவர்கள் பாதிக்கப்பட்டார்கள். நம் சால்வடோர் குடும்பம் அப்போது மனாசஸ் பக்கம் ஒரு டவுன்ஹவுஸ் வாங்க முன்பணம் சேர்த்துக் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. மையத்தில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து பேசி, காத்திருக்கச் சொன்னோம். திருப்பி அனுப்பிவிட்டால் கடனை யார் கட்டுவது என்பது எங்கள் வாதம். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அக்டோபரில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அந்த முடிவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. டி.பி.எஸ். தொடர்ந்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் குறுகிய கால நீட்டிப்பாக. அட்டையில் அச்சான தேதி முடிந்திருக்கும், அரசு அறிவிப்பில் செல்லும் என்று இருக்கும். அந்த அறிவிப்பின் நகலைத் தந்தை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, ஓட்டுநர் உரிமத்துக்கும் வேலைக்கும் காட்டிக்கொண்டிருந்தார். புதுப்பிக்க அப்போது ஒருவருக்கு 495 டாலர் ஆனது.

தொடர்ந்து நடந்தவை

இன்ஜினீயர் போட்ட மதிப்பீடுகளைப் பார்த்த ஒரு கட்டுமான நிறுவனம் 2018-ல் அவரை மதிப்பீட்டாளராக வேலைக்கு எடுத்தது. 2020 தொடக்கத்தில் குடியுரிமை கிடைத்தது. அதே ஆண்டு மனைவிக்கு மருந்தாளுநர் உரிமம். இலையுதிர் காலத்தில், வட்டி மூன்று சதவீதத்துக்கும் கீழே போயிருந்த நேரம், வட்டியில்லா முறையில் பணம் தரும் நிறுவனம் ஒன்றின் மூலம் மனாசஸ் பக்கமே வீடு வாங்கினார்கள்.

சால்வடோர் வீட்டில் அதே 2020-ல் கொரோனா. கல்மோர் கடுமையாக அடிபட்ட பகுதி. இருவருக்கும் நோய் வந்தது, தாயின் துப்புரவு வேலை போனது. வீட்டுக்கென்று சேர்த்த முன்பணம் அதில் கரைந்தது. மீண்டும் எழுந்தபோது அந்த டவுன்ஹவுஸ் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2018-ல் நாங்கள் சொன்ன யோசனையின் விலை இது. இன்றும் என்னால் அதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவையும் மூடியது. அனுமதியின்றி எல்லை தாண்டி வந்தவருக்கு டி.பி.எஸ். கிடைத்தது முறையான நுழைவாகாது, ஆகவே அதை வைத்துக் கிரீன் கார்டு கேட்க முடியாது என்று ஒருமனதாகத் தீர்ப்பு. வழக்குத் தொடுத்தவரும் ஒரு சால்வடோர்காரரே. ஆனால் 2022 ஜூலையில் குடிவரவுத் துறை தன் விதியை மாற்றியது: டி.பி.எஸ். உள்ளவர் முன்அனுமதி பெற்று வெளிநாடு போய்த் திரும்பினால், அந்தத் திரும்புதல் முறையான நுழைவாகக் கொள்ளப்படும். இந்த முறை நாங்கள் ஆலோசனை சொல்லவில்லை. குடிவரவு வழக்கறிஞரிடம் அனுப்பினோம்.

தந்தை 2022 டிசம்பரில் சான் மிகேல் போனார். 23 ஆண்டுகளுக்குப் பிறகு தன் அம்மாவைப் பார்த்தார். ஜனவரியில் டல்லஸில் வந்திறங்கி முறையாக உள்ளே வந்தார். 2023-ல் மகளுக்கு 21 வயது நிறைந்ததும் அவள் தந்தைக்காக மனு போட்டாள். அவர் தவறாமல் கட்டிய இருபது ஆண்டு வரிக் கணக்குகள் அப்போது கைகொடுத்தன. 2024 இறுதியில் கிரீன் கார்டு வந்தது. மகள் அரசுப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் முடித்துவிட்டாள், குடும்பத்தின் முதல் பட்டதாரி.

தாய் போகவில்லை. 2000-ல் எல்லையில் கொடுத்த அந்தத் தாளுக்கு ஆஜராகாததால் அவர் பேரில் வெளியேற்ற உத்தரவு பிறந்திருந்தது. அது கோப்பில் இருக்கும்போது வெளியே போவது ஆபத்து, முதலில் வழக்கைத் திறக்க வேண்டும் என்றார் வழக்கறிஞர்.

இனி என்ன மாற்றுவோம்

கேள்வித்தாளை மாற்றிவிட்டோம். இப்போது முதல் கேள்வி வருமானம் அல்ல, பேப்பரின் வகையும் முடிவுத் தேதியும். பதில் 'தற்காலிகம்' என்றால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் அந்தக் குடும்பத்தை 'நிலையானது' என்று எழுதுவதில்லை. 2015-ல் இதைச் செய்திருந்தால் எங்கள் நேரம் முழுவதும் ஒரு வீட்டுக்கே போயிருக்காது. குடிவரவு வழக்கறிஞரோடு பேசியிருந்தால் 2000-ஆம் ஆண்டுத் தாள் அப்போதே தெரியவந்திருக்கும், வழக்கைத் திறக்கப் பல ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

வீடு விஷயத்தில் 'காத்திருங்கள்' என்று மட்டும் சொன்னது பிழை. காத்திருந்தால் என்ன இழப்பு, வாங்கினால் என்ன இழப்பு என்று இரண்டையும் எழுதிக் கொடுத்து முடிவை அவர்களிடம் விட்டிருக்க வேண்டும். தேவைப்பட்டால் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ முடியும் என்பதைக்கூட நாங்கள் பேசவில்லை.

சமூகங்களை ஒப்பிடும் பழக்கத்தையும் மையக் கூட்டங்களில் நிறுத்தச் சொன்னேன். 'அரபு' என்ற சொல்லுக்குள் 22 நாடுகள். நூறாண்டுக்கு முன் வந்த லெபனான் குடும்பத்தின் பேரனும் நேற்று வந்த யேமன் கடை உதவியாளரும் ஒரே சராசரியில் கலந்துவிடுகிறார்கள். அதோடு, மக்கள்தொகைக் கணக்கு இவர்களை நெடுங்காலம் 'வெள்ளையர்' பத்தியில்தான் சேர்த்தது. தனிப் பிரிவு வேண்டும் என்று விதி மாறியதே 2024 மார்ச்சில். படிப்பு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. அந்த மருந்தாளுநரின் ஐந்தாண்டுப் பட்டம் இல்லாமல் அவர் உழைப்பு மட்டும் அங்கே கொண்டுபோயிருக்காது. ஆனால் தம்பதி இருவரும் 18 மாத அட்டையில் வந்திருந்தால், நான்கு முறை டோஃபெல் எழுதும் பொறுமையும் பணமும் இருந்திருக்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இப்போதைய நிலை

ஈராக்கியப் பெண்ணால் தன் தம்பியை இன்னும் வரவழைக்க முடியவில்லை. சால்வடோர் தந்தைக்கு இப்போது கீழே மூன்று பேர் வேலை செய்கிறார்கள், மூவரையும் முறையான ஊழியர்களாகவே பதிவுசெய்திருக்கிறார். பெரிய வேலைகளுக்கு இன்ஜினீயர் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றும் மதிப்பீடு போட்டுத் தருகிறார். குடும்பம் அதே கல்மோர் வீட்டில்தான் இருக்கிறது. தாயின் வழக்கைத் திறக்க மனு போட்டாயிற்று. அவருடைய டி.பி.எஸ். 2026 செப்டம்பர் 9 வரை.